கொலைகாரர்கள் அப்பாவை நம்பினார்கள்

ஜூலை 9

இன்று எனக்கு முதல் கொலைகாரர் கிடைத்தார். அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் ஐந்து வருடம் சட்டக் கல்லூரியில் படித்தேன். நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் அந்த இடைவெளி கிடையாது.

பெயர் பலவேசம். வயது முப்பத்து நான்கு. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மே மாதம் ஜெயமேரி டீச்சரைக் கொன்று, கழுத்துச் சங்கிலியை எடுத்தார் என்று வழக்கு. ஓய்வு பெற்ற டீச்சர். இந்த ஊரில் பாதிப் பேருக்கும், வழக்கறிஞர் சங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். எனவே பலவேசத்துக்கு ஆஜராக ஆளில்லை. சட்ட உதவி மையத்தின் பட்டியலில் அடுத்து நின்ற பெயர் பி. உலகம்மை.

"உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா" என்றார் மையத்து எழுத்தர். "உங்களுக்கு முந்தி மூணு பேரு அப்படித்தான் குடுத்தாவ. மூணு பேருக்கும் மஞ்சக்காமாலையாம்."

சுகாதாரத் துறை கவனிக்க வேண்டிய விஷயம். நான் ஆரோக்கியமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 10

அம்மா இனி என்னோடு பேசமாட்டாளாம். அதை அரை மணி நேரம் பேசித் தெரிவித்தாள்.

ஜூலை 14

மத்திய சிறை. பேருந்தில் போகும்போதே ஒரு சிறு உரை தயாரித்திருந்தேன். கட்சிக்காரரிடம் 'செய்தாயா' என்று கேட்கக்கூடாது. தெரிந்துகொண்டால் மனசாட்சி குறுக்கே வரும். தெரியாதவரை அது வாதம். எல்லா சீனியர்களும் இதை ரகசியம் போலச் சொல்வார்கள்.

உட்கார்ந்தேன். பேனா மூடியைத் திறந்தேன்.

"நாந்தான் பண்ணுனேன், மேடம்" என்றார் பலவேசம்.

உரை வீணாகிவிட்டது.

"டீச்சர் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன். சங்கிலியக் காணலன்னாவ. எம்மவ சோறு கொண்டாந்து நிக்கா, ஏழாப்பு படிக்கா. அவ முன்னால வச்சி, 'களவாணிப்பயலே, எடுத்து வையிலே'ன்னாவ. தள்ளுனேன். அம்மி விளிம்புல போயி விழுந்தாவ. முனகுனாவ. நான் ஓடிட்டேன்."

பிறகு குரலை உயர்த்தினார். அதுவரை உயர்த்தவில்லை.

"ஆனா மேடம், குடிச்சிருந்தேன்னு எழுதிருக்காவளே, அது என்ன நியாயம்? நான் வாயில தொட்டதில்ல. சங்கிலிய நான் எடுத்தேன்னு எழுதிருக்காவ. கண்ணால பாக்கலயே. அந்த வி.ஏ.ஓ.கிட்ட நானே போயிச் சொன்னேனாம். நான் எதுக்குப் போறேன் அந்தாளுகிட்ட?"

ஒரு மனுஷியைத் தள்ளிச் சாகவிட்டு ஓடியவர், தன்னைக் குடிகாரன் என்று எழுதியதற்காக அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஜூலை 15

ஒப்புதல் வாக்குமூலத்தை வாசித்தேன். மே 21, காலை பத்து மணி, கிராம நிர்வாக அலுவலகம், வி.ஏ.ஓ. நயினார் முன்னிலையில்.

'குடிபோதையில் இருந்த நான் மேற்படி டீச்சரின் ஐந்து பவுன் சங்கிலி மீது ஆசை கொண்டு... போலீசார் தேடுவது அறிந்து பயந்து, தங்களிடம் வந்தால் என்னை நல்ல முறையில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பீர்கள் என்ற நம்பிக்கையில்...'

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் சட்டப்படி செல்லாது. வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை. சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று பார்க்கும் ஆள். அவரிடம் சொன்னால் செல்லும். ஆகவே நம் மாவட்டத்தில் கொலை செய்கிறவர்களுக்கு, செய்து முடித்ததும், வி.ஏ.ஓ. மீது அளவில்லாத நம்பிக்கை பிறந்துவிடுகிறது. பெற்ற தாயிடம் போகமாட்டார்கள். கோயிலுக்குப் போகமாட்டார்கள். நில வரி கட்டும் இடத்துக்கு நடந்தே போவார்கள்.

அப்பா இருபத்தெட்டு வருடம் வி.ஏ.ஓ. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அவரிடமும் நான்கு பேர் வந்தார்கள். ஆறாம் வகுப்பில் 'என் தந்தை' கட்டுரையில் எழுதினேன்: 'என் தந்தை மிகவும் நல்லவர். கொலைகாரர்கள் கூட அவரைத் தேடி வருவார்கள்.' பத்துக்கு ஒன்பது. தமிழ் டீச்சர் ஒரு மதிப்பெண்ணைக் கையெழுத்துக்காகக் குறைத்தார்.

ஜூலை 20

ஞாயிறு. ஒட்டடை அடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் சொதி. அப்பாவிடம் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று இருந்தேன். அவரே கேட்டார்.

"நம்ம நயினாராம்லா சாட்சி? எங்கிட்டத் தலையாரியா இருந்த பய. என்னைக்கு வந்து சொன்னானாம் உன் ஆளு?"

"மே இருபத்தொன்னு. காலைல பத்து மணி."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "இருபத்தொன்னா? அன்னைக்கு ஜமாபந்தில்லா! அந்தக் குறுவட்டத்து வி.ஏ.ஓ. பூரா கணக்கு நோட்டைக் கட்டித் தூக்கிட்டு தாலுகா ஆபீஸ்ல உக்காந்திருப்பான். வருசத்துக்கு ஒரு தடவ. ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டா சாயங்காலம் வரை நகர முடியாது. மடப்பய. தேதிய ஒரு தடவ பாக்கவேண்டாமா?"

தொழில் தெரிந்தவரின் எரிச்சல் அது. பக்கத்து வீட்டுச் சுவர் கோணலாக எழும்புவதைப் பார்க்கும் கொத்தனாரின் எரிச்சல்.

"நீங்க தேதி பாப்பீங்களாப்பா?" என்றேன்.

அப்பா மோர் கேட்டார்.

ஜூலை 21

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். மே 21 ஜமாபந்தி வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும். பதிவுத் தபால். திரும்பி வரும்போது குக்கருக்குக் கேஸ்கெட் வாங்கினேன்.

ஆகஸ்ட் 6

தேநீர்க் கடை. அரசு வழக்கறிஞர் ஞானதிரவியம் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"என்னம்மா உலகம்மை, நேத்து தூக்கம் வந்துச்சா? நமக்கெல்லாம் மனசாட்சின்னு ஒன்னு கெடந்து உறுத்தும். ஜெயமேரி டீச்சர்தான எனக்குப் பென்சில் புடிக்கச் சொல்லிக் குடுத்தாவ."

"சார், அவருக்கும் வக்கீல் வேணும்லா?"

"வேணும், வேணும். உன்ன மாரி ஒருத்தி வேணும். நான் வேண்டாங்கல. வடை எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். கொள்கைக்கும் வடைக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 23

நகல் வந்துவிட்டது. வரிசை எண் பதினேழு. நயினார். வந்த நேரம் 9.40. போன நேரம் 5.30. தெளிவான கையெழுத்து, அடியில் கோடு போட்டிருக்கிறார்.

அலுவலகம் இருப்பது தாலுகா ஆபீஸிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்.

ஆகஸ்ட் 25

நயினார் வீட்டுக்கு வந்தார். ஒரு பை கொய்யாப்பழம். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவிடம் பேசினார்.

"ஐயா, பாப்பா பதிவேடு கேட்டு வாங்கிருக்காம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. நீங்க ஒரு வார்த்த..."

அப்பா தினசரியை மடித்தார். விரித்தார். "அவ வக்கீலு. நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க சொல்லிக் குடுத்தபடிதானய்யா நான்..."

"பழத்த எடுத்துட்டுப் போ, நயினாரு."

சாட்சியை வீட்டில் சந்தித்ததாக ஆகக்கூடாது என்று நான் அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தேன். தொழில் ஒழுக்கம். எல்லாமே கேட்டது.

செப்டம்பர் 2

தீர்ப்புகள் உள்ள இணையதளத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். காரணம் எதுவுமில்லை. மழை பெய்தது, வேறு வேலை இல்லை.

நான்கு தீர்ப்புகள். மூன்றில் நேரில் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். அப்பா இல்லாவிட்டாலும் அந்த மூவரும் உள்ளேதான் போயிருப்பார்கள். நான்காவது, வேலாண்டி என்பவர். பதினோரு வருடம் முன்பு, ஒரு தோட்டக் காவலாளி கொலை. பார்த்தவர் யாருமில்லை. அப்பா மட்டும்தான்.

'கிராம நிர்வாக அலுவலர் பிரம்மநாயகத்தின் சாட்சியம் இயல்பாகவும் நம்பும்படியாகவும் உள்ளது. அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.' ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடி.

வேலாண்டி அப்பாவின் அலுவலகத்துக்கு வந்து ஒப்புக்கொண்ட நாள் நவம்பர் 14, காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் அப்பா எங்கே இருந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள்.

செப்டம்பர் 3

நாளெல்லாம் துணி துவைத்தேன். சுத்தமான துணிகளையும்.

செப்டம்பர் 11

நயினாரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

பதிவேட்டைக் காட்டினேன். கையெழுத்து உங்களுடையதா? ஆமா. ஒன்பது நாற்பது முதல் ஐந்தரை வரை தாலுகா ஆபீஸில் இருந்தீர்களா? அவர் ஞானதிரவியத்தைப் பார்த்தார். ஞானதிரவியம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நடுவுல கொஞ்சம் வெளிய வந்தேன்."

"இருபத்திரண்டு கிலோமீட்டர் கொஞ்சமா?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஏய்யா, நேராச் சொல்லும். இதை எழுதினது யாரு?"

நயினார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு சட்டென்று எல்லாம் கொட்டிவிட்டது. "ஸ்டேஷன்ல எழுதி வச்சிருந்தாவய்யா. நான் கையெழுத்து மட்டுந்தான். எப்பவும் அப்படித்தான்யா நடக்கும். எங்க ஐயா காலத்துலருந்து."

"எந்த ஐயா?"

கேள்வி என்னுடையது இல்லை, நீதிபதியுடையது. நான் கேட்டிருக்கமாட்டேன். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

நயினார் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "பிரம்மநாயகம் ஐயா."

ஞானதிரவியம் என் வக்காலத்துப் படிவத்தைத் திருப்பி, என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'பி'யை நிதானமாகப் படித்தார்.

வராண்டாவில் ஜெயமேரி டீச்சரின் தங்கை நின்றிருந்தார். "நீயும் எங்க அக்காகிட்டதானம்மா படிச்ச?"

"மூணாம் வகுப்பு."

"அப்ப அவ கீழ விழுந்ததுக்கு யாரும் பொறுப்பில்ல, அப்படித்தான?"

இதற்குச் சட்டப்பூர்வமான பதில் இருக்கிறது. நல்ல பதில். பேருந்தில் பாதி வழி வந்த பிறகு நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 12

அப்பா இன்று பேப்பர் வாங்கப் போகவில்லை. அம்மா போனாள். அப்படியும் செய்தி வந்திருந்தது.

செப்டம்பர் 14

அம்மாவுக்குக் காலண்டர் தேவையில்லை. எல்லாவற்றையும் நோய்களை வைத்துக் கணக்கிடுவாள். தம்பிக்கு அம்மை போட்ட வருடம், அவளுக்குக் கால் சுளுக்கிய தீபாவளி. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன், எனக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை எப்போது நடந்தது என்று.

"பத்தாப்புல. நவம்பர் பதினாலு, காலம்பற எட்டரைக்கு உள்ள கொண்டு போனாவ. உங்கப்பா ஆப்பரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்தவருதான், மத்தியானம் வரைக்கும் ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல. அந்த அளவுக்கு உம்மேல உசுரு." அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, எதுக்குக் கேக்க?"

"சும்மா."

நடுக்கூடத்தில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்.

அக்டோபர் 16

தீர்ப்பு. வி.ஏ.ஓ.வின் வாக்குமூலம் நிராகரிக்கப்பட்டது. நகைக்காகச் செய்த கொலை நிரூபிக்கப்படவில்லை. சண்டைச் சத்தத்தையும் பலவேசம் ஓடியதையும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஏற்கப்பட்டது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். ஏழு வருடம்.

பலவேசத்தின் வீட்டுக் கூரையில் போலீஸ் கண்டெடுத்ததாகச் சொன்ன சங்கிலி அங்கே எப்படிப் போனது என்று தீர்ப்பில் இல்லை. சங்கிலிகளுக்கும் போலீஸ் மீது ஒரு நம்பிக்கை இருக்கும்.

ஆயுள் ஏழாகியிருக்கிறது. என் முதல் வெற்றி. யாரும் கை கொடுக்கவில்லை. பலவேசம் மட்டும் கேட்டார், "குடிகாரன்னு போடலல்லா, மேடம்?"

"போடல."

"எம்மவ தீர்ப்பப் படிப்பா. அதான்."

அக்டோபர் 19

அப்பாவே வந்தார். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வேலாண்டி கேஸப் பாத்திட்ட, என்ன?"

"பாத்தேன்."

"ஊருக்கே தெரியும், அவந்தான்னு. இன்ஸ்பெக்டரு பேப்பரை ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்துட்டாரு. 'ஐயா, கையெழுத்து மட்டும்'னாரு. நீ உள்ள கெடக்க. நான் எங்க அதப் படிச்சேன்?"

"அப்புறம் கூண்டுல ஏறிச் சொன்னீங்கள்ல, அவரு வந்தார்னு? அப்ப நான் உள்ள கெடக்கலயேப்பா."

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வேணும்னா எழுதிக் குடுத்துருதேன். அன்னைக்கு அவன் வரவே இல்லன்னு."

வக்கீலாகப் பதில் சொன்னேன். கொலை வழக்கில் பொய்ச்சாட்சி. நீங்களே ஒப்புக்கொண்டால் உங்கள் மேல் வழக்கு வரும். அவருக்குக் கிடைத்ததே உங்களுக்கும் கிடைக்கலாம், ஆயுள் வரை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. இருந்துகொள்ளுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை.

நல்ல ஆலோசனை. எந்தக் கட்சிக்காரருக்கும் இதையேதான் சொல்வேன்.

"அவன் உள்ள போயி எத்தன வருசமாச்சு?"

"பதினொன்னு."

அப்பா என் கையிலிருந்த துணிகளில் பாதியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

அக்டோபர் 27

அப்பா எழுதிவிட்டார். தானே, தன் கையெழுத்தில், நாலு பக்கம். திருத்த ஒரு பிழைகூட இல்லை. நோட்டரியிடமும் தானே போய்வந்தார்.

அக்டோபர் 30

சேதி பரவிவிட்டது. மாலையில் ஞானதிரவியம் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி போட்டாள்.

"ஐயா, நீங்க தைரியமா இருங்க. நிரூபிக்கப்படுத வரைக்கும் எல்லாரும் நிரபராதிதான். இதான சட்டத்தோட உயிரே! நான் அரசாங்க வக்கீலு, நேரா வரமுடியாது. ஆனா சங்கத்துல பதினோரு பேரு ரெடியா இருக்காவ. ஒத்தப் பைசா வேண்டாம்னுட்டாவ. மூணு பேரு போட்டி போட்டுட்டு முதல்ல பேரு குடுத்தாவ, இன்னாரு இன்னாருன்னு..."

மூன்று பெயர்களையும் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர்கள். மஞ்சள் காமாலை குணமாகிவிட்டது போலிருக்கிறது.

"உலகம்மையும் கூட நிக்கும், மகதான" என்றார்.

"நான் வேலாண்டிக்கு ஆஜராகலாம்னு இருக்கேன், சார். விடுதலை கேட்டு உயர் நீதிமன்றத்துல மனு. ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் நிக்க முடியாது."

காபி டம்ளர் பாதியில் நின்றது. "ஏம்மா, பெத்த அப்பனுக்கு எதிராவா?"

"மனசாட்சி கெடந்து உறுத்துது, சார்."

அம்மா அடுக்களையில் பாத்திரம் ஒன்றைக் கீழே போட்டாள். அப்பா மட்டும் தலையசைத்தார். சம்மதமா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. கேட்கவுமில்லை.

நவம்பர் 6

மத்திய சிறை. வேலாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. சிறைத் தறியில் துண்டு நெய்கிறார். வக்காலத்துப் படிவத்தை நீட்டுவதற்கு முன் நான் யார் மகள் என்று சொன்னேன். சொல்ல வேண்டியது விதி. விதி இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயாவுக்கு இப்ப சர்க்கரை எப்படி இருக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"சாட்சி சொல்ல வந்த அன்னைக்கு, கோர்ட்டு வாசல்ல மாத்திரை போடத் தண்ணி தேடுனாவ. எங்க வீட்டுக்காரிதான் பாட்டில்லருந்து குடுத்தா. யாருன்னு அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்புறம் கூண்டுல ஏறி, என்னைய நல்லாத் தெரியும்னாவ."

சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. விசாரிப்பு மட்டும்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, நான் தடுப்பதற்குள், காவலாளியை அவர் கொன்றாரா இல்லையா என்பதையும் சொன்னார். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் இங்கே எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. செருப்பைக் கழற்றும்போதே அப்பா வாசலில் நின்றார். சட்டை மாற்றியிருந்தார், விருந்தாளிக்குக் காத்திருந்தது போல.

"போட்டானா கையெழுத்து?"

"போட்டாரு."

"என்னையப் பத்தி என்ன சொன்னான்?"

"உங்க சர்க்கரைய விசாரிச்சாரு."

அப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அவந்தான பண்ணுனான்?"

நான் பையைத் தோளில் சரிசெய்தேன்.

"ஏளா, வேற ஒன்னும் வேண்டாம். கேஸு வரட்டும், ஜெயிலு வரட்டும், அது எம்பாடு. அவந்தானான்னு மட்டும் சொல்லு. ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல."

"அது கட்சிக்காரர் எங்கிட்டச் சொன்னதுப்பா. வெளிய சொல்லக்கூடாது."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டத்தாம்ப்பா முக்கியமா."

அப்பா என் முகத்தைப் படித்துப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், இன்று கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு வரியாகத் தேடினார்.

நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். முகம் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை.